அப்புச்சி மடி

தோசைக்கல்லில் மாவை ஊற்றிக் கரண்டியால் வட்டம் இழுத்துக்கொண்டிருந்தாள் சத்யபிரியா. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த மகள் தமிழினி, மழை வருமா என்று கேட்பதுபோல் சாவகாசமாகக் கேட்டாள்.

“அம்மா, அப்புச்சி வர்றப்ப எனக்குத் தோடு கொண்டாருவாரா?”

கரண்டி நின்றுவிட்டது. பாதி வட்டத்திலேயே மாவு வெந்து ஓரம் கருகத் தொடங்கியது. அதைத் திருப்பிப் போடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கண்ணுகளா, வேற்று ஊர்க்காரர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். பிள்ளை தாத்தாவைக் கேட்கிறது, அவ்வளவுதானே என்பீர்கள். திருச்செங்கோட்டுப் பக்கம், நாமக்கல் பக்கமெல்லாம் தாத்தா என்ற ஒரே கயிற்றில் இரண்டு பேரையும் கட்டிவிடமாட்டார்கள். அப்பனைப் பெற்றவர் அப்பாரு. அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. பிள்ளை வளர்வது அப்பாரு வீட்டில். லீவு விட்டால் ஓடுவது அப்புச்சி வீட்டுக்கு. அப்பாரு அதட்டுவார், அப்புச்சிக்கு அதட்டத் தெரியாது. கடைத்தெருவில் ஒரு பிள்ளை அதுவேண்டும் இதுவேண்டும் என்று அடம் பிடித்தால், “இதென்ன உங்கப்புச்சி ஊடா?” என்பார்கள். அப்படிப்பட்ட செல்லச் சொல் அது.

ஆனால் சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. சத்யாவின் கணவன் மாதேஷ் மேச்சேரிப் பக்கத்துக்காரன், வேறு சாதி ஆள். அவன் அப்பா மாதையனைத் தமிழினி தாத்தா என்றுதான் கூப்பிடும். இன்னொரு தாத்தா உண்டென்று யாரும் அதற்குச் சொன்னதில்லை. சத்யா சொல்லாமலே வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளை சொல்லிக் கேட்டிருக்குமோ? கேட்டிருக்கட்டும். அப்புச்சி வருவார் என்றும், தோடு கொண்டுவருவார் என்றும் எந்தப் பிள்ளை சொல்லும்?

அந்தச் சொல்லைத் தெரிந்த ஓர் ஆள் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்துபோயிருக்கிறார். அது மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது.

அடுப்பை அணைத்தாள். முதல் வேலையாகப் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு ஜன்னல். அப்புறம்தான் பிள்ளையிடம் வந்து குந்தினாள்.

“சாமி, அப்புச்சின்னு உனக்கு ஆரு சொன்னா? ரோட்டுல யாராச்சும் பேசுனாங்களா? ஏதாச்சும் குடுத்தாங்களா?”

அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை மிரண்டுவிட்டது. காலாட்டுவதை நிறுத்திக்கொண்டது.

“சொல்லு சாமி. அம்மா அடிக்கமாட்டேன்.”

“தாத்தாதான் சொன்னாரு. காது குத்தறப்ப அப்புச்சி வருவாருன்னு.”

*

ஆறு வருஷத்துக்கு முன்னால் மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து, கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள் சத்யா. போனது மாதேஷோடு. மூன்றாம் நாள் அவளோடு படித்த பெண் ஒருத்தி செல்போனில் ஒரு படம் அனுப்பினாள். ஊர் முக்கில் கட்டியிருந்த ஃபிளக்ஸ் பேனர். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த அவளுடைய படம். அதைச் சுற்றிப் பூமாலை. மேலே கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தது. கீழே தோற்றம், மறைவு. மறைவுக்கு நேரே அவள் கழுத்தில் தாலி ஏறிய தேதி.

அப்பா அர்த்தநாரி கிணற்றடியில் உட்கார்ந்து தலைமுழுகினார் என்றும் சொன்னாள் அந்தப் பெண். செத்தவர்களுக்குப் பிறகு முழுகுகிறோமே, அந்த முழுக்கு. பெற்ற மகளை உயிரோடு கழித்துக் கட்டினால் அப்படித்தான் செய்வார்கள். ஒரு குடம் தண்ணீர் தலைவழியே இறங்கிவிட்டால் அவள் மகளில்லை, அவர் அப்பனில்லை. ஊர் பார்க்க முடிந்துவிடும்.

அதையாவது தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது அண்ணன் ரமேஷ்குமாரின் போன். ரிக் வண்டி வைத்து வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவன் அதற்கென்றே ஊருக்கு வந்திருந்தான். சத்தம் போடவில்லை அவன். சாதாரணமாகத்தான் சொன்னான்.

“அப்பாவுக்குத் தண்ணி போதும். எனக்குப் போதாது.”

அன்றைக்கு அந்த நம்பரை மாற்றினாள். ஜோலார்பேட்டையில் மாதேஷுக்கு வேலை இருந்தவரைக்கும் கொஞ்சம் மூச்சுவிட்டாள். போன வருஷம் சேலத்துக்கே மாற்றல் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்வாள். டி.என். 34, திருச்செங்கோட்டு நம்பர் பிளேட் போட்ட கார் தெருவில் நின்றால் பால் வாங்கக்கூட வெளியே வரமாட்டாள். பக்கத்து வீட்டு ரஞ்சிதா சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு ஈரோடு என்று சொல்லி வைத்திருந்தாள்.

இப்படி ஒளித்து ஒளித்து வைத்திருந்த இடத்தைத்தான் மாமனார் மாதையன் பொத்தென்று போட்டு உடைத்திருந்தார்.

*

அவர் காய்கறிப் பையோடு வந்து கதவைத் தட்டினார். திறந்தவளின் முகத்தைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தார்.

“என்ன கண்ணு, பட்டப்பகல்ல தாப்பாப் போட்டிருக்க?”

“மாமா, எங்கூருக்குப் போனீங்களா?”

பெரியவர் பொய் சொல்லத் தெரியாதவர். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே இன்னொரு தரம் துடைத்தார்.

“போனேன்மா. புதங்கிழமை.”

“எதுக்கு மாமா?”

“எதுக்கா? ஞாயித்துக்கெழமை பிள்ளைக்குக் காது குத்தறோம். தாய் ஊட்டுக்கு மொத வெத்தல வெக்காம குத்துனா அது காதுகுத்தா? மாட்டுக் காதுல மஞ்ச பில்லை மாட்டி உடறாங்களே, அதாட்டம் இல்ல ஆயிரும்? ஒண்ணாவது வருசம் வேண்டாம்ன. மூணாவது வருசம் வேண்டாம்ன. அஞ்சு வயசு ஆச்சு, எம்பேத்தி காது மூளியா திரியுது. உக்கார வெக்க மாமன் மடி இல்லைன்னுதான நீ தள்ளித் தள்ளிப் போடற? நானே போயிக் கூப்பிட்டுட்டு வந்துரலாம்னு போனேன். அங்க அப்புச்சிம்பாங்களாமே, பிள்ளைகிட்டயும் அப்படியே சொன்னேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். அதற்குத் தாய்வீட்டுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்கவேண்டும். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் வருகிறோம் என்று அர்த்தம். எடுத்தபின் வராமல் இருக்கமாட்டார்கள். சண்டைக்காரன்கூட வெற்றிலையை எடுத்தால் வந்துதான் தீருவான். முறை தெரிந்த மனிதர் முறையைச் செய்திருக்கிறார். முறைதான் கழுத்துக்குக் கத்தியாக வரும் என்று அந்த வெள்ளை மனசுக்குத் தெரியவில்லை.

“அப்பா என்ன சொன்னாருங்க?”

“ஒண்ணும் சொல்லலை. வேப்பமரத்தடியில கட்டல் போட்டு உக்காந்திருந்தாரு. நான் இன்னாருன்னு சொன்னேன். வெத்தலத் தட்ட நீட்டுனேன். எடுக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல. பாத்துக்கிட்டே இருந்தாரு. கை வலிச்சுப்போச்சு எனக்கு. கட்டல் மேல வெச்சுட்டு, ‘உங்க பேத்தி பேரு தமிழினிங்க, உங்க மூக்குதான்’னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“வேற ஆராச்சும் பாத்தாங்களா மாமா?”

“மோட்டார் ரூம்ல இருந்து ஒரு தம்பி வந்துச்சு. நல்ல மரியாதையான பையன். ‘எங்கிருந்து வர்றீங்க பெரியவரே, எந்த எடம்’னு கேட்டு, ரோடு வரைக்கும் பைக்ல கொண்டாந்து உட்டுச்சு.”

சத்யா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன சொன்னீங்க?”

“சூரமங்கலம், ரயில்வே குவார்ட்டர்சு, தண்ணி டேங்குக்குப் பின்னால ரெண்டாவது வரிசைன்னு…” சொல்லிக்கொண்டே வந்தவர் மருமகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பெரியவரின் கீழ் உதடு தொங்கிவிட்டது. “அதா உங்கண்ணன்?”

அவள் தலையை ஆட்டினாள். வாய் திறந்தால் கத்திவிடுவாள் போலிருந்தது.

*

மாதேஷ் வெளியூரில், ரயில்வே லைனில் வேலையாக இருந்தான். போனில் அவள் விஷயத்தைச் சொன்னாள். கூட்ஸ் போகிற சத்தத்துக்கு மேல் அவன் உரக்கப் பேசினான்.

“பயப்படாத. இப்ப லீவு குடுக்கமாட்டாங்க. ஞாயித்துக்கெழமை காலையில டூட்டி முடிச்சு வாரேன். மத்தியானம் ரயில்ல ஜோலார்பேட்டை போயிரலாம். அங்க பழைய ஆளுங்க இருக்காங்க. அதுவரைக்கும் கதவத் தொறக்காத.”

அந்த இரண்டு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேளுங்கள், சாமிகளா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தெருவில் பைக் நின்றால் பிள்ளையை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவாள். கொரியர்க்காரன் பக்கத்து வீட்டுக்கு வந்து மணி அடித்தான். இவள் அரிவாள்மணையைக் கையில் எடுத்துவிட்டாள். தமிழினிக்கு இது ஏதோ புது விளையாட்டு என்று முதலில் தோன்றியது. பிறகு அதுவும் பயந்துவிட்டது. “அப்புச்சி பூச்சாண்டியாம்மா?” என்று கேட்டது. மாதையன் அதைக் கேட்டு எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு விடிந்தது. துணிப்பை இரண்டும் கட்டி வாசலருகே இருந்தது. மாதேஷ் டூட்டியிலிருந்து வந்து, ஆட்டோ பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று ஜங்ஷன் பக்கம் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். சத்யா ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தாள். ஆசாரி வெங்கடாசலம், தோல் பையும் சிரித்த முகமுமாக நின்றார்.

“மாமா! ஆசாரிய வரவேண்டாம்னு சொல்லலையா நீங்க?”

மாதையன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாந்தான் வரச் சொன்னேன் கண்ணு. அஞ்சு நிமிச வேலை. எங்கயோ ஓடிப் போறோம், எப்ப திரும்பறமோ? காதையாச்சும் குத்திக்கிட்டு ஓடலாமே. மடி இல்லைன்னா என்ன, எம்மடி இருக்குது.”

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்தாள். ஆசாரி உள்ளே வந்து, பாயை விரித்து, பொன் கம்பியையும் ஊசியையும் எடுத்துத் தட்டில் வைத்தார். மஞ்சளைக் குழைத்தார். பிள்ளையின் காதில் மையால் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“மடி ஆரோடதுங்க? மாமன் வந்தாச்சுங்களா?”

மாதையன் துண்டை உதறிக்கொண்டு பாய்ப் பக்கம் வந்தார்.

சாத்த மறந்த கதவின் வழியே உள்ளே ஒரு நிழல் விழுந்தது.

*

அவள் நினைப்பில் வைத்திருந்ததைவிட அப்பா குட்டையாக இருந்தார். வெள்ளை வேட்டி, முழங்கால்வரை தூசி. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் மஞ்சள் பை. பைக்குள் கனமாக, உருண்டையாக என்னவோ கிடந்து அடிப்பக்கத்தைத் தொங்கவைத்தது. சத்யாவின் கண் அந்தப் பையைவிட்டு நகரவில்லை. எப்போது எழுந்தாள், எப்போது பிள்ளையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது.

அர்த்தநாரி மகளைப் பார்க்கவில்லை. தலைமுழுகியவர் அல்லவா, பெயர் சொல்லவும் இல்லை. மாதையனிடம்தான் பேசினார்.

“ஏனுங்க, ஆசாரி வந்துட்டாருங்களா? சீக்கிரம் ஆகட்டுங்க. பையன் கெளம்பிட்டான்.”

“எந்தப் பையனுங்க?” என்றார் மாதையன், தெரிந்துகொண்டே.

“எம்பையந்தானுங்க. கார் எடுத்துட்டான். கூட ரெண்டு பேரு. நேத்து சாயந்தரம் களத்துல நின்னு போன்ல இந்த எடத்தச் சொல்லிட்டு இருந்தான். ‘தாய்மாமனுக்கு வெத்தல வந்திருக்குது, சீர் செஞ்சுட்டு வாரேன்’னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியுமுங்க. நான் மொத பஸ்ஸப் புடிச்சுட்டேன். ஆட்டையாம்பட்டியில அவன் கார் டீக்கடையோரம் நின்னுச்சு. பஸ்ல குனிஞ்சு உக்காந்துட்டு வந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “பிள்ளையக் குடுக்கச் சொல்லுங்க. மடியில வெச்சுக்கறேன்.”

இதைக் கேட்டதும் சத்யா கையைப் பின்னால் கொடுத்துப் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். பிள்ளையைக் குடு என்கிறார். அண்ணன் வருகிறான் என்கிறார். இருவரும் பேசி வைத்து வந்திருந்தால்? ஓடிவிடாமல் பிடித்து வைக்க ஓர் ஆள், பின்னால் வர ஓர் ஆள் என்று இருந்தால்? இந்தக் கைதானே குடத்தைத் தூக்கித் தலையில் ஊற்றியது?

“குடுக்கமாட்டேன்” என்றாள். ஆறு வருஷம் கழித்து அப்பனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அர்த்தநாரி அப்போதும் அவள் பக்கம் திரும்பவில்லை. வேட்டி மடிப்பைப் பிரித்து எதையோ எடுத்துப் பாய்மேல் வைத்தார். வாடிப்போன வெற்றிலை, நரம்பெல்லாம் பழுப்பேறிச் சுருண்டது. நடுவில் ஒரு கொட்டைப்பாக்கு.

“எடுத்துட்டேனுங்க” என்றார் மாதையனிடம். “நீங்க பஸ் ஏறியிருக்கமாட்டீங்க, அதுக்குள்ள எடுத்துட்டேன். எடுத்தா வரோணுமில்லீங்க?”

மாதையன் குனிந்து அந்த வெற்றிலையைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். ஆசாரி மஞ்சளைக் குழைப்பதை நிறுத்திவிட்டு மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிள்ளையோட அம்மாகிட்டச் சொல்லுங்க” என்றார் அர்த்தநாரி. குரல் இறங்கியிருந்தது. “எம்மேல கை வெக்காம எம்மடியில இருக்கற பிள்ளைமேல கை வெக்க முடியாது. எம்மேல அவன் கை வெக்கமாட்டான். அந்த ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். வேற எதும் தெரியாது.”

முடிவெடுக்க சத்யாவுக்கு நேரமில்லை. முடிவை எடுத்தது தமிழினி. அம்மாவின் இடுப்பைச் சுற்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, பிடியிலிருந்து நழுவி முன்னால் வந்து நின்றது.

“நீங்கதான் அப்புச்சியா?”

அர்த்தநாரி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்புறம்தான் பிள்ளையைப் பார்த்தார்.

“ஆமா சாமி.”

“தோடு எங்க?”

கை மஞ்சள் பைக்குள் போனது. சத்யா பிள்ளையை எட்டிப் பிடித்தாள். பைக்குள்ளிருந்து வந்தது மட்டை உரிக்காத ஒரு தேங்காய். பின்னாலேயே காகிதத்தில் பொதிந்த அச்சுவெல்லம்.

“தோடு மறந்துட்டேன் சாமி. சீருக்குன்னு கையில கெடச்சதத் தூக்கிட்டு ஓடியாந்தேன். தேங்கா இருக்குது. பரவாயில்லையா?”

பிள்ளை தேங்காயைப் பார்த்தது. அப்புச்சியைப் பார்த்தது. “தேங்காய எப்படிக் காதுல போடறது?” என்று கேட்டது.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் டேங்க் பக்கமிருந்து ஒரு கார் திரும்பும் சத்தம் கேட்டது. மெதுவாக வந்தது. வீட்டு நம்பரைப் பார்த்துப் பார்த்து வருகிற மெதுவு. ஆறு வருஷமாக அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் கடைசியில் தெருவுக்கு வந்துவிட்டது.

சத்யா பிள்ளையைத் தூக்கினாள். பின்வாசலா, பாயா? ஒரு நொடி நின்றாள். பின்வாசலுக்கு அந்தப் பக்கம் ரயில்வே மதில். அதைத் தாண்ட முடியாது. வேறு வழியில்லாமல்தான் கொடுத்தாள், கண்ணுகளா. நம்பிக்கை வந்து கொடுத்தாள் என்று நான் சொன்னால் அது பொய். அர்த்தநாரி பாயில் வாசலைப் பார்க்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும், கிணற்றில் வாளியை இறக்குவதுபோல் அந்த மடியில் இறக்கினாள். பெரியவர் இரண்டு கையாலும் பிள்ளையைச் சுற்றி வளைத்துக்கொண்டார்.

“குத்துங்க ஆசாரி.”

*

வலது காதில் ஊசி இறங்கியது. “அம்மா!” என்று தெருவே அதிரத் தமிழினி வீரிட்டது. அந்த வீரிடலின் நடுவில்தான் ரமேஷ்குமார் வாசலில் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கூட வந்த இரண்டு பேரும் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தங்கையைத்தான் முதலில் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பார்வை இறங்கிப் பாய்க்கு வந்தது. அங்கே அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

“அப்பா. எந்திரிங்க.”

“ஒரு காதுதான் ஆயிருக்குது” என்றார் அர்த்தநாரி. “இன்னொண்ணு இருக்குது.”

“யாரு ஊட்டுல உக்காந்திருக்கோம்னு தெரியுதுங்களா?”

“எம்பேத்தி ஊட்டுல.”

“ஊரக் கூட்டித் தலை முழுகுனது நீங்கதானுங்களே?”

“முழுகுனது நாந்தான். ஆறு வருசமா ஈரத்தோடயே உக்காந்திருந்தேன். இப்பத்தான் தொவட்டறேன்.”

ரமேஷ்குமாரின் தாடை இறுகியது. ஒரு கால் வாசற்படியில் ஏறியது. சத்யாவின் கை தானாக ஆசாரியின் தட்டிலிருந்த இடுக்கியை எடுத்துக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. மாதையன் எழுந்து வாசற்படிக்குக் குறுக்கே போய் நின்றார்.

“வா” என்றார் அர்த்தநாரி. அதட்டவில்லை. “வர்றதுன்னா வா. நீ உக்காரவேண்டிய எடம்டா இது. வெத்தல உனக்குத்தான் வந்துச்சு. நீ உக்காரலைன்னு நான் உக்காந்திருக்கேன். எந்திரிக்கறேன், நீ உக்காரு. முடியாதுன்னா வழிய உட்டுட்டு நில்லு. பிள்ளைக்கு வலிக்குது.”

பிள்ளை விக்கி விக்கி அழுதபடி வாசலில் நின்றவனைப் பார்த்தது. புது ஆள். முகம் பிடிக்கவில்லை. பெரியவரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டு, “அப்புச்சி, அவங்களப் போகச் சொல்லுங்க” என்றது.

அப்புச்சி. சின்ன வயதில் ரமேஷ்குமாரும் சத்யாவும் தங்கள் அம்மாவின் அப்பாவை அப்படிக் கூப்பிட்டவர்கள்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் முகத்தில் என்னவோ ஒன்று அசைந்தது. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போகவில்லை. கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டது. அப்பனை விலக்காமல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. விலக்கினால் அந்த இடத்தில் குத்திய காதோடு ஒரு பிள்ளை இருக்கிறது. பக்கத்து வீட்டு ரஞ்சிதா அழுகைச் சத்தம் கேட்டு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, “என்ன சத்யா, மாமன் வந்துட்டாங்களா? உள்ள வரச் சொல்லு, ஏன் வெளிய நிறுத்தி வெச்சிருக்க?” என்று உரக்கக் கேட்டாள். எதிர் வரிசையிலும் இரண்டு கதவு திறந்தது.

வாசற்படியில் வைத்த கால் இறங்கியது. ரமேஷ்குமார் காறி ஒரு பக்கமாகத் துப்பினான். “இதோட முடியல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் காரில் ஏறினான்.

கார் போகவில்லை. தெரு முக்குவரை பின்னால் போய், அங்கே நின்றுகொண்டது. இஞ்சின் ஓடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

“இன்னொரு காது” என்றார் அர்த்தநாரி.

ஆசாரி கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு குத்தினார்.

*

மாதேஷின் ஆட்டோ வந்தது. முக்கில் நின்ற காரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவன், பாயில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்து வாசலிலேயே திகைத்து நின்றான். அர்த்தநாரி அவனை நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. “வாங்க” என்றார். அவருக்கு அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வாசலுக்கு வெளியே, கார் நின்ற பக்கம் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார்.

“கதவச் சாத்திக்கச் சொல்லுங்க” என்றார் மாதையனிடம். “நான் இங்க இருக்கேன்.”

சத்யா கதவைச் சாத்தவில்லை. சமையலறைக்குப் போனாள். சொம்பில் தண்ணீர் மொண்டாள். அவளுக்குத் தெரியும்: அந்த மனிதர் தன் ஆட்கள் அல்லாதவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட்டதில்லை. சந்தைக்குப் போனால்கூட வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு போகிறவர். கொடுத்தால் வேண்டாம் என்பாரோ? வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை எப்படித் தாங்குவது? அண்ணனுக்குப் பயந்ததைவிட அந்த நிமிஷம் அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

சொம்பை மகளின் கையில் கொடுத்தாள். ஆறு வருஷமாக மகளிடம் ஒளித்து வைத்திருந்த சொல் அது. நாக்கு முதலில் மடங்க மறுத்தது.

“அப்புச்சிக்குத் தண்ணி கொண்டு போய்க் குடு சாமி.”

தமிழினி இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு போனது. போகும் வழியிலேயே அதற்கே தாகம் எடுத்துவிட்டது. அழுது அழுது தொண்டை காய்ந்திருந்தது. நாற்காலியருகே நின்று வாய்வைத்து மடக்மடக்கென்று பாதியைக் குடித்தது. மூக்கில் தண்ணீர் வழிய, மீதியை நீட்டியது.

அர்த்தநாரி சொம்பை வாங்கினார். அதன் விளிம்பில் பிள்ளையின் எச்சில் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், பிள்ளை வாய்வைத்த இடத்திலேயே வாய்வைத்துக் குடித்தார்.

வெயில் ஏறியது. ஆட்டோக்காரன் பார்த்துப் பார்த்து, வாடகையை வாங்கிக்கொண்டு போனான். ரயில் போயிருக்கும். கட்டிய பைகள் கட்டியபடியே கிடந்தன. முக்கில் நின்ற கார் ஒரு சமயம் நகர்ந்தது. போய்விட்டதா, சுற்றிக்கொண்டு வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரு முழுக்க வெறும் வெயில் மட்டும் இருந்தது.

உள்ளே பாயில் காதுக்கு எண்ணெய் வைத்துப் படுக்கப் போட்டிருந்த பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டே கேட்டது.

“அம்மா, அப்புச்சி போயிட்டாரா?”

சத்யா கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தாள். வெயில் நாற்காலிக் கால்வரை வந்துவிட்டிருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முக்கைப் பார்த்தபடி அதே இடத்தில் இருந்தார்.

“இல்ல சாமி” என்றாள். “உக்காந்திருக்காரு.”